"எங்க ஆயாவுக்கு நூத்திப் பத்து": செட்டிநாட்டு வீடுகளில் வயதைச் சரிபார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கண்டனூர், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய பத்திரமோ ஜாதகக் குறிப்போ படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் சொத்து விஷயம்தான். வேலை முடிந்து காபி வரும் நேரத்தில், முகப்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரைக் காட்டி, "இவுகளுக்கு என்ன வயசு இருக்கும்னு நினைக்கிறீக?" என்று கேட்பார்கள். அங்கே தொடங்கும் பேச்சு எல்லா வீட்டிலும் ஒரே சந்தேகங்களைத்தான் சுற்றி வருகிறது. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

நூறு வயசு தாண்டுனவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க. இதைப் போய் ஏன் சரிபார்க்கணும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நூறு வயதும் அதற்கு மேலும் என்று பதிவானவர்கள் 6 லட்சத்துக்கும் அதிகம். அதாவது லட்சம் பேருக்குச் சுமார் 50 பேர். அதே 2011-ல் ஜப்பானில் இருந்த நூறு வயதுக்காரர்கள் 47,756, லட்சத்துக்குச் சுமார் 37 பேர். ஜப்பானில் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். நம் நாட்டில் 60 தாண்டியவர்களே நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. முதியவர்கள் இவ்வளவு குறைவாக உள்ள நாட்டில் நூறு வயதுக்காரர்கள் விகிதத்தில் அதிகம் என்றால் வயதை எழுதியதில்தான் எங்கோ பிசகு.

யாரும் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கணக்கெடுக்க வருபவர் கேட்கிறார், வீட்டில் இருப்பவர் "நூறு இருக்கும்" என்கிறார், அது பதிவாகிறது. நம் ஊரில் முதியவர்களின் வயது பூஜ்ஜியத்திலோ ஐந்திலோதான் முடியும். எழுபத்து மூன்று என்று யாரும் சொல்வதில்லை. எண்பது வயதுக்காரர் ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் உண்மையான நூற்றுப் பத்து ஒருவர்கூட இருப்பது அரிது. அந்த ஆயிரத்தில் ஒரே ஒருவருக்குத் தவறாக முப்பது கூடிவிட்டால், அந்த இடத்தின் நூற்றுப் பத்து அவர்தான். வயது ஏற ஏற, பிழைகள் உண்மையை மூழ்கடித்துவிடும். அதனால்தான் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இதுவரைக்கும் நிரூபணமான அதிகபட்ச வயசு எவ்வளவு?

பிரான்சின் ஆர்ல் நகரைச் சேர்ந்த ழான் கால்மென்ட். 1875 பிப்ரவரி 21-ல் பிறந்து 1997 ஆகஸ்ட் 4-ல் இறந்தார். 122 ஆண்டு 164 நாள். அவருக்கு அடுத்தவர் ஜப்பானின் கானே தனாகா, 119 ஆண்டு 107 நாள், 2022-ல் இறந்தார். ஆண்களில் ஜப்பானின் ஜிரோய்மோன் கிமுரா, 116 ஆண்டு 54 நாள், 2013-ல் இறந்தார்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 110 தாண்டி உறுதியானவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஒரு வட்டாரத்தில் சொல்லப்படும் அதிசய வயதுகள் எல்லாம் தாத்தாக்களுடையதாகவே இருந்தால் எனக்கு முதலில் ஐயம்தான் வரும்.

அப்ப 130, 140ன்னு பேப்பர்ல போடுறாங்களே?

110 வயதை எட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அடுத்த பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. அதன் பிறகும் ஆண்டுதோறும் கிட்டத்தட்ட அதே நிலைதான், காசு சுண்டிப் போடுவது போல. 110-ஐ எட்டிய ஆயிரம் பேரில் 120-ஐத் தொடுவது ஒருவர். 130-ஐத் தொட ஒருவர் வேண்டும் என்றால் 110-ஐ எட்டியவர்கள் பத்து லட்சம் பேர் வேண்டும். உலக வரலாற்றிலேயே 110 உறுதியானவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

பழைய கதைகளும் இதையே சொல்கின்றன. சோவியத் காலத்தில் அஜர்பைஜானின் ஷிராலி முஸ்லிமோவ் 168 வயதில், 1973-ல், இறந்ததாகச் சொன்னார்கள். அதே நாட்டில் 148 வயது என்று சொல்லப்பட்ட மஹ்மூத் எய்வாசோவுக்குத் தபால்தலைகூட வெளியிட்டார்கள். காகசஸ் பகுதியின் இத்தகைய வயதுகளை ஆராய்ந்த உயிரியலாளர் ஜோரெஸ் மெத்வெதேவ், படையில் சேராமல் தப்ப அப்பாவின் பெயரையும் ஆவணத்தையும் பலர் பயன்படுத்தியதைச் சுட்டிக்காட்டினார். ஈக்வடாரின் வில்கபம்பா என்ற மலைக் கிராமம் நூறு வயதுக்காரர்களால் புகழ்பெற்றது. 1970-களின் கடைசியில் இரண்டு ஆய்வாளர்கள் ஒவ்வொரு வீடாகப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். நூறைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை, மிக மூத்தவருக்கு 96. கிராமம் முழுக்க ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்ததும், எழுபதை ஒட்டி வயதை ஏற்றிச் சொல்லும் பழக்கமும்தான் காரணம். அமெரிக்காவைப் பற்றி ஆய்வாளர் சால் நியூமன் சொன்னதும் இதே வகை. மாநிலங்களில் பிறப்புச் சான்று நடைமுறைக்கு வந்த பிறகு, 110 தாண்டியோர் பதிவு 69 முதல் 82 சதவீதம் வரை விழுந்தது என்கிறார்.

இதையெல்லாம் யார் சரிபார்க்கிறாங்க?

1990-ல் தொடங்கிய ஜெரன்டாலஜி ரிசர்ச் குரூப் என்ற முதுமை ஆய்வு அமைப்பு 110 தாண்டியோர் பட்டியலை வைத்திருக்கிறது. பல நாடுகளில் அதற்குத் தொடர்பாளர்கள் உண்டு. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சர்வதேசத் தரவுத்தளம் ஒன்று தனியாக இருக்கிறது. கின்னஸ் முதலிடத்தில் இருப்பவரை மட்டும் பார்க்கும். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: பிறந்த காலத்தை ஒட்டிய ஓர் ஆவணம், நடுவயதில் ஒன்று, இப்போதைய அடையாள ஆவணம் ஒன்று. மூன்றும் ஒரே மனிதரைக் குறிக்கின்றன என்பதற்கு இடையில் சங்கிலியும் அறாமல் இருக்க வேண்டும். கல்யாணத்தில் ஊரும் பெயரும் மாறும் பெண்களுக்கு இந்தச் சங்கிலிதான் அறுபடும்.

ஆதார் கார்டுலயே பிறந்த தேதி இருக்கே, போதாதா?

போதாது. வயது மட்டும் தெரியும் என்று சொன்னவர்களுக்கு அந்த வயதைக் கழித்து ஜனவரி 1 என்று தேதி விழுந்துவிடும். வீட்டுப் பெரியவர்களின் ஆதாரை எடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் ஜனவரி முதல் தேதியில் பிறந்திருக்கிறார்கள் என்று. ஆதார் பிறந்த தேதிக்கான சான்று ஆகாது என்று அந்த ஆணையமே சொல்லியிருக்கிறது. 2024-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் ஆதாரை விடப் பள்ளிச் சான்றின் தேதியையே ஏற்றது.

வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை ஆணை எல்லாம் இதே ரகம். எண்பது வயதில் ஒருவர் வாயால் சொன்னதை எழுதிய காகிதங்கள் அவை. அந்தச் சொல்லைத்தான் நாம் சரிபார்க்க முயல்கிறோம்.

1915-ல பிறந்தவுகளுக்குப் பிறப்புச் சான்று எங்க கிடைக்கும்?

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-லேயே வந்துவிட்டது. கிராமத்தில் கர்ணமும் முன்சீப்பும் எழுதினார்கள். எல்லாக் குழந்தையும் பதிவாகவில்லை, ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகம் பதிவாகியிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா அலுவலகம், நகராட்சி, மூன்றிலும் கேட்க வேண்டும். கேட்கும்போது ஊர் அப்போது எந்த மாவட்டத்தில் இருந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள். காரைக்குடியும் தேவகோட்டையும் 1910-க்கு முன் மதுரை மாவட்டம், பிறகு ராமநாதபுரம், 1985-ல்தான் இன்றைய சிவகங்கை மாவட்டமாகப் பிரிந்தது. ராயவரம், கோனாபட்டு, ராங்கியம் போன்ற ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அங்கே பதிவேடே வேறு. சிவகங்கையில் இல்லை என்ற பதிலோடு திரும்பிவிட்ட குடும்பங்கள் பல உண்டு. பிறந்தது தாய்வீட்டில், தாய்வீடு சமஸ்தானத்தில் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

இன்னொரு சிக்கல்: பழைய பதிவேட்டில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். இன்ன தேதி, இன்னாருக்கு, பெண் குழந்தை, அவ்வளவுதான். அந்தப் பெண் குழந்தை உங்கள் ஆயாதானா, அவருக்கு முன் பிறந்து இறந்துபோன அக்காவா என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். இப்போது மனுப்போட்டு உத்தரவு பெற்று வாங்கும் தாமதப் பதிவு சட்டத்துக்குச் செல்லும், வயது ஆய்வுக்குச் செல்லாது. அது நேற்று எழுதிய காகிதம்.

எங்க வீட்ல ஐயா பேரைத்தான் பேரனுக்கு வைப்போம். அதனால குழப்பம் வருமா?

செட்டிநாட்டில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. ஐயா பெயர் பேரனுக்கு, அப்பத்தா பெயர் பேத்திக்கு. விலாசமும், அதாவது பெயருக்கு முன் போடும் குடும்ப எழுத்துகளும், தலைமுறைக்குத் தலைமுறை அதேதான். பெட்டகத்தில் கிடைக்கும் 1908 பத்திரத்தில் உள்ள சொக்கலிங்கமும் முகப்பில் உட்கார்ந்திருக்கும் சொக்கலிங்கமும் ஒருவரே என்று நம்ப யாருக்கும் தோன்றும். பத்திரத்தில் தகப்பன் பெயர் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சில சமயம் தகப்பன் பெயரும் பொருந்தும், ஏனென்றால் பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி வருகின்றன. அப்போது தாய் பெயரும் மனைவி பெயரும் வேண்டும். பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) குடும்பமாக இருந்தால் தகப்பன் பெயரே மாறியிருக்கும், பிறந்த வீட்டுக் காகிதத்தையும் தேட வேண்டும்.

இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் உண்டு. ஜப்பானின் ஷிகெசியோ இசுமி 1986-ல் 120 வயதில் இறந்ததாகக் கின்னஸ் ஏற்றிருந்தது. அவருக்கு முன் பிறந்து இறந்த அண்ணனின் பதிவு அது, அதே பெயரைத் தம்பிக்கு வைத்துவிட்டார்கள் என்ற ஐயம் வலுத்ததால் பிறகு விலக்கிக்கொண்டது. பதிவேடுகளுக்குப் பெயர்போன நாட்டிலேயே இது நடந்திருக்கிறது.

ஜாதகம் பத்திரமா இருக்கு. அதை ஏத்துக்குவாங்களா?

தனியாக ஏற்கமாட்டார்கள், நல்ல துணை ஆவணமாகப் பயன்படும். எப்போது எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. பிறந்த ஓரிரு ஆண்டுக்குள் எழுதிய ஓலையோ நோட்டோ என்றால் மதிப்பு அதிகம். கல்யாணப் பொருத்தத்துக்காகப் பின்னால் கணித்தது என்றால், பெண்ணின் வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

நம் ஆண்டுப் பெயர்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்புகின்றன. ஆனந்த வருஷம் என்றால் 1914-15 ஆகலாம், 1974-75 ஆகலாம், 1854-55 ஆகலாம். உயிரோடு இருப்பவரிடம் அறுபது ஆண்டுப் பிழை கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் இறந்துபோன பாட்டனாரைப் பற்றிப் பேசும்போதும், மேலே சொன்ன ஒரே பெயர்க் குழப்பத்தின்போதும் இது காலை வாரும். கட்டத்தை வைத்துத் தீர்க்கலாம் என்று குருவையும் சனியையும் பார்ப்பார்கள், அது உதவாது. அறுபது ஆண்டில் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்துக் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிடும். அறுபது ஆண்டுச் சக்கரம் அமைந்ததே அப்படித்தான். ராகு கேதுவைப் பாருங்கள். ராகுவுக்கு ஒரு சுற்று பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல், அதனால் அறுபது ஆண்டு கழித்து இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும். கிழமையும் பொருந்தாது. குறிப்பில் சாலிவாகன சகாப்த எண் இருந்தால் இன்னும் நல்லது, 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு. மார்கழியின் பிற்பாதியிலும் தை, மாசி, பங்குனியிலும் பிறந்தவர்களுக்கு மட்டும் அடுத்த ஆங்கில ஆண்டு வரும். ஆனந்த வருஷம் தை மாசம் என்றால் 1915. இந்த ஒரு வருஷத்தைத் தவறவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

நடக்குற வயசா, முடிஞ்ச வயசா?

முடிந்த வயது. "நூத்தி ஒண்ணு நடக்குது" என்றால் கணக்கில் நூறுதான்.

கோயில் புள்ளிக் கணக்கும் இசைகுடிமானமும் இதுக்கு உதவுமா?

உதவும், அதுவும் வேறு எந்த ஊருக்கும் இல்லாத அளவுக்கு. நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) கல்யாணம் என்றால் இரு வீட்டாரின் கோயிலிலும் தெரிவித்து மாலை வரவழைக்க வேண்டும். இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களும் தங்கள் புள்ளிகளைக் கணக்கில் வைத்திருக்கின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி. அரசாங்கம் கணக்கு வைக்காத காலத்திலும், எந்த ஆண்டு எந்தத் தம்பதி சேர்ந்தது, எப்போது பாதியானது என்று தொடர்ந்து எழுதிய கணக்கு இது. சரிபார்ப்பவர்கள் கேட்கும் நடுவயது ஆவணம் இதைவிடச் சிறப்பாகக் கிடைப்பது கடினம்.

இசைகுடிமானம் என்பது கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தம். அதில் யார் மகன், யார் மகள், எந்த ஊர், எந்த நாள் என்று இருக்கும். வயது எழுதாவிட்டாலும் வயதின் எல்லை கிடைத்துவிடும். அந்தக் காலத்தில் பெண்ணுக்குப் பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள் கல்யாணம். பெண்ணுக்கு 14 வயது ஆக வேண்டும் என்ற சாரதா சட்டம் 1930 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன்பே முடித்துவிடவேண்டும் என்று அவசரமாக நடந்த கல்யாணங்களும் உண்டு. 1928-ல் கல்யாணம் என்றால் ஆச்சி 1915-க்கும் 1918-க்கும் இடையில் பிறந்திருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம். 1905 என்று சொன்னால் இருபத்து மூன்று வயது வரை ஏன் கல்யாணம் ஆகவில்லை என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

சாந்தி அழைப்பிதழ்களையும் விட்டுவிடாதீர்கள். அறுபது, எழுபது, எண்பது என்று நடந்த சாந்திகளின் அச்சிட்ட பத்திரிகை, அந்தப் பெரியவர் பேர் வாங்கும் வயதை எட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, கூட்டிச் சொல்லத் தேவையே இல்லாத காலத்தில் அச்சானது. ஆனால் அது பெரும்பாலும் கணவரின் வயதுக்கு நடந்தது. ஆச்சியின் வயதை அதிலிருந்து நேராக எடுக்கக்கூடாது.

நாங்க நகரத்தார் இல்லீங்க. எங்க வீட்ல ஓலையும் இல்ல, பெட்டகமும் இல்ல. என்ன பண்றது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு ஆசாரியின் பேரன். செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்குத் தங்கள் பிறந்த நாளுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். ஆனாலும் வழி இருக்கிறது. ஒரு காணி நிலமாவது கைமாறியிருந்தால் கிரயப் பத்திரம் இருக்கும், அதில் "மைனர், வயது சுமார் 8, கார்டியன் தாயார்" என்று ஒரு வரி கிடைத்தால் அது தங்கம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு, சருகணி போன்ற பழைய பங்குகளில் கேட்கலாம். முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. பர்மாவுக்கோ மலாயாவுக்கோ சமையலுக்கும் எடுபிடி வேலைக்கும் போனவர்கள் என்றால் பயணக் காகிதம். அவர்கள் வேலை பார்த்த கடையின் கணக்கில் சம்பளப் பற்று இருக்கும், ஆகவே முதலாளி வீட்டுப் பெட்டகத்திலும் தேடச் சொல்லுங்கள்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு கிடைத்தால் அது முக்கியமான ஆவணம். கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று எழுதிய காலம் அது. அதனால் ஓரிரு ஆண்டு பிசகலாம், பத்து ஆண்டு பிசகாது. பழைய வாக்காளர் பட்டியல் ஒரு கீழ் எல்லையைக் கொடுக்கும். 1989-க்கு முன் வாக்களிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 72 ஆண்டுக்குப் பிறகு ஆளாளின் விவரத்தோடு வெளியிடுகிறார்கள், சரிபார்ப்பவர்களுக்கு அதுவே பெரிய துணை. நம் சட்டத்தில் தனிமனிதர் விவரத்தைப் பார்வையிட வழியில்லை.

அப்பத்தாவுக்குப் பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. அதை வச்சு வயசு சொல்லலாமா?

ஓரளவு. நடந்த தேதி நமக்குத் தெரிந்த ஊர் நிகழ்ச்சிகளைப் பட்டியலாக எழுதிக்கொண்டு உட்காருங்கள். 1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தது, 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள், அதே ஆண்டு ஆகஸ்டில் தேவகோட்டை நீதிமன்றத்துக்குத் தீ வைத்தது, 1948 ஜூலையில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது. "அப்ப உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "காந்தி வந்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? நேரு வந்தப்ப மூத்தவன் நடந்தானா, இடுப்புல இருந்தானா?" என்று கேளுங்கள். வயது மறந்துபோகும், பிள்ளை இடுப்பில் இருந்தது மறக்காது.

இரண்டு எச்சரிக்கை. காந்தி தமிழ்நாட்டுக்குப் பல முறை வந்தவர், எந்த வருகை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அம்மா சொல்லக் கேட்டதைத் தானே பார்த்ததாக நினைப்பது எல்லோருக்கும் நேர்வது. ஞாபகம் வழிகாட்டும், சான்று ஆகாது.

பிள்ளைகள் வயசை வச்சுக் கணக்குப் போட்டா?

காசு செலவில்லாத, மிக நல்ல சோதனை. பெரியவரின் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரையும் பிறந்த ஆண்டோடு ஒரு தாளில் எழுதுங்கள். ஆயாவுக்கு 115 என்கிறார்கள், கடைசி மகனின் பள்ளிச் சான்றில் உள்ளபடி அவருக்கு 58 என்றால், ஆயா 57 வயதில் பெற்றிருக்க வேண்டும். நடக்காது. மூத்த பிள்ளை நாற்பதில், அதன் பிறகு வரிசையாக ஐந்து என்று வந்தாலும் அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. தாளில் பத்து ஆண்டைக் கழித்துப் பாருங்கள், எல்லாப் பிள்ளைகளும் இயல்பான வயதில் வந்து உட்கார்ந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ரத்தப் பரிசோதனை, எலும்பு எக்ஸ்ரேன்னு மருத்துவத்துல கண்டுபிடிக்க முடியாதா?

எலும்பும் பல்லும் வளர்ந்து முடியும் இளவயது வரைதான் எக்ஸ்ரே துல்லியமாகச் சொல்லும். டிஎன்ஏ-வில் வயதோடு வரும் மாற்றங்களை வைத்துக் கணிக்கும் முறை வந்திருக்கிறது, ஆனால் சில ஆண்டுகள் முன்பின் ஆகும். நாம் கேட்பது 109-ஆ 113-ஆ என்று. அதற்குக் காகிதம்தான் வேண்டும்.

அந்த கால்மென்ட் அம்மாவே பொய்னு ஒரு வீடியோ பார்த்தேனே?

2018-ல் நிக்கொலாய் ஜாக் என்ற ரஷ்யர் முன்வைத்த வாதம் அது. 1934-ல் இறந்தது மகள் இவோன் அல்ல, தாய்தான். வரியைத் தவிர்க்க மகள் தாயின் பெயரில் வாழ்ந்தார் என்றார். முதலில் வயதை உறுதிசெய்த ழான்-மரி ரொபினும் மிஷேல் அலார்டும் மற்றவர்களோடு சேர்ந்து 2019-ல் பதில் எழுதினார்கள். ஆர்ல் சின்ன நகரம், கடைக்காரர் குடும்பம், எல்லோருக்கும் தெரிந்த பெண். 36 வயது மகள் 58 வயதுத் தாயாக மாறுவதற்குக் கணவர், மருமகன், நோட்டரி, ஊர் எல்லாம் சேர்ந்து மறைத்திருக்க வேண்டும். இதைக் காட்டும் ஆவணம் எதுவும் இல்லை, தாய்தான் என்று காட்டுபவை பல. அவர் சாதனை நிற்கிறது.

எனக்கு இந்தச் சர்ச்சை பிடித்திருக்கிறது. இருபது ஆண்டுக்குப் பின் கேள்வி கேட்டபோதும் எடுத்துக் காட்டக் காகிதம் இருந்தது. நம் ஆச்சிகளுக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இறந்து போனவுக பட்டியல்ல இருந்துட்டா?

நடந்திருக்கிறது. 2010-ல் டோக்கியோவின் மிக மூத்த ஆண், 111 வயது, என்று வாழ்த்தப் போன அதிகாரிகள் முப்பது ஆண்டு முன்பே இறந்தவரின் உடலைத்தான் வீட்டில் கண்டார்கள். குடும்பத்துக்கு ஓய்வூதியம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைத் தொடர்ந்து தேடியதில், குடும்பப் பதிவேட்டில் நூறு தாண்டி உயிரோடு இருப்பதாகக் காட்டி, இருப்பிடமே தெரியாதவர்கள் 2,34,354 பேர். அதனால் பிறந்ததற்கான சான்றோடு, இன்று இருக்கிறார் என்பதற்கும் சான்று கேட்பார்கள். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் வாழ்வுச் சான்று இதற்கு உதவும். அரைப்புள்ளி பற்றி முன்பு சொன்னேன், அந்தக் கணக்கும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

ஆவணம் கிடைக்கலைன்னா பொய்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. நூறு வயதில் மாரத்தான் ஓடிய ஃபௌஜா சிங்கை நினைத்துப் பாருங்கள். 1911 ஏப்ரல் 1 என்று பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் இருந்தது. ஆனால் பிறப்புச் சான்று இல்லாததால் கின்னஸ் அவர் சாதனையை ஏற்கவில்லை. அவர் கிராமத்தில் அன்று பதிவே கிடையாது என்று இந்திய அரசு கடிதமே கொடுத்தது. அவர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை, 2011-ல் டொரன்டோவில் அவர் ஓடி முடித்ததும் மாறவில்லை. பட்டியலில் ஏறாதது ஏழை நாட்டுப் பதிவேட்டின் குறை.

எனவே நான் மூன்று சொற்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன். உறுதியானது, உறுதியாகாதது, தவறென்று தெரிந்தது. நடுவில் இருப்பவர்களைக் கடைசியில் சேர்த்துவிட யாருக்கும் உரிமை இல்லை.

இதையெல்லாம் கேட்டா பெரியவங்க மனசு நோகாதா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. "உங்க வயசு நிஜமா?" என்று தொடங்கினால் நோகும். வயதை மறந்துவிடுங்கள். பிறந்த வீடு எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் யார் தங்கினார்கள், யார் தங்கவில்லை என்று கேளுங்கள். இறந்த குழந்தைகளைப் பற்றி யாரும் அவர்களிடம் நெடுநாளாகக் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு ஆச்சி, ஆறு மாதத்தில் போன தன் அக்காவின் பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்தப் பெயர்தான் தனக்கும் வைத்தார்கள் என்றார். பதிவேட்டில் நாங்கள் கண்டிருந்த பிறந்த நாள் அக்காவுடையது என்று அங்கேதான் புரிந்தது. 107 என்று நினைத்திருந்தது 104 ஆனது. பேரன்மார் முகம் கொஞ்சம் வாடியது, ஆச்சிக்கு வருத்தமே இல்லை. "அது அவ வயசு" என்றார்.

அவர் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியே அனுப்பாதீர்கள். பிறந்த தேதியும் பத்திரமும் கண்டவர் கையில் போக வேண்டியவை அல்ல.

வீட்டை விக்கப் போறோம். பழைய காகிதமெல்லாம் என்ன செய்ய?

தூணும் கதவும் பழம்பொருள் விற்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும்போது காகிதம் எடைக்குப் போகிறது. நான் போய்ச் சேர்வதற்குள் மூட்டை கட்டிவிட்ட வீடுகள் உண்டு, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. தூணைப் படத்தில் பார்த்தாவது இன்னொன்று செய்துகொள்ளலாம், ஒரு பெண் பிறந்த நாளை எழுதிய நோட்டு ஒன்றுதான் உண்டு.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் இவற்றை மட்டும் ஒதுக்குங்கள்: ஜாதக ஓலை, நோட்டு, இசைகுடிமானம், மொய் எழுதிய ஏடு, சாந்தி, கல்யாணப் பத்திரிகைகள், மைனர் பெயர் வரும் பத்திரம், பழைய பாஸ்போர்ட், பின்னால் பெயர் எழுதிய போட்டோ. பிரிக்கும் முன் எது எந்தக் கட்டில் இருந்தது என்று குறித்து, இரு பக்கமும் படம் எடுங்கள். ஓலையை நிமிர்த்த முயலாதீர்கள், ஒடிந்துவிடும். படிக்க முடியாத எழுத்து என்பதற்காக எதையும் தள்ளிவிடாதீர்கள். படிக்க ஆள் கிடைக்கும்வரை ஒரு துணியில் சுற்றி, ஈரம் படாத பரணில் வைத்தால் போதும்.